பாட்டு முடிவதற்குள்

முதலில் ஒரு கீச்சு கேட்கும். பாட்டு அதற்குப் பிறகுதான். கிடார் வாசிக்கிறவன் முதல் சுரத்துக்குப் போவதற்கு முன்னால் கம்பியின் மேல் விரலை இழுக்கிறான் பாருங்கள், அந்தச் சத்தம். ஈரக் கையால் வெண்கலக் கும்பாவைத் தேய்த்தால் வருமே, அது மாதிரி. ஒரு நொடிகூட இருக்காது. ஐம்பத்தேழு வருடமாயிற்று. இன்றைக்கும் எங்காவது கதவின் கீல் முனகினால், அடுத்தது பாட்டு வரும் என்று என் காது காத்திருக்கிறது.

உட்காருங்கள், தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். மூன்று மாடி ஏறி வந்திருக்கிறீர்கள், தண்ணீர் குடியுங்கள், பேச்சு அப்புறம். உங்கள் பேச்சு எனக்குத் தேவையும் இல்லை. வாசலில் நின்று சொன்னீர்களே, “டெல்பின் மச்சாதுவோட அண்ணன் மகன், பேரு ரெனால்டு, அத்தை ஒரு விஷயமா அனுப்புனாங்க” என்று. அது போதும். என்ன விஷயம் என்று எனக்குத் தெரியும். இசைத்தட்டு.

தர மாட்டேன்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் திருடி அல்ல. கல்லூரியில் முப்பத்துநான்கு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, துறைத்தலைவராக ஓய்வுபெற்றவள். ஒரு நூலகப் புத்தகம்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை. கையில் என்ன, நோட்டா? பென்சிலை வேறு நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்கள். நான் சொல்வதை எழுதிக்கொண்டு போய் அவளிடம் காட்டவா? எழுதுங்கள். ‘சண்முகவடிவு தர மாட்டேன் என்றாள்’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அந்தத் தட்டு எங்கள் கைக்கு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் அப்பா சேவியர் கொண்டுவந்தது. அப்போது தூத்துக்குடியிலிருந்து தோணியில் வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார். திரும்பி வரும்போது சோப்பு, ரிப்பன், பிஸ்கட் டப்பா. ஒரு தடவை இந்தத் தட்டு. ஏதோ ஓட்டலில், காசு போட்டால் பாடும் பெட்டிக்குள் இருந்து கழற்றியதாம். ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. நடுவில் நான்கு விரல் போகிற மாதிரி பெரிய ஓட்டை. நானும் டெல்பினும் தங்கிப் படித்த கல்லூரி விடுதிக் கூடத்தில் இருந்த இசைத்தட்டுப் பெட்டியிலோ சுண்டுவிரல் மாதிரி ஒரு கம்பி. தட்டை வைத்தால் தொளதொளவென்று ஆடியது.

உங்கள் அத்தை என்ன செய்தாள் தெரியுமா? காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றினாள். குதிகால் பக்கத்தில் வட்டமாக ஒரு துண்டு வெட்டினாள், பிளேடால். அதன் நடுவில் கோணூசியால் ஒரு துளை. ஓட்டைக்குள் வைத்து அமுக்கினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு அந்த வருடம் முழுக்க அவள் அந்தச் செருப்பைத்தான் போட்டாள். மழை பெய்தால் விடுதி முற்றத்து மணலில் ஒரு கால் தடத்தில் மட்டும் குதிகாலில் ஒரு வட்டம் விழும். டெல்பின் குளிக்கப் போயிருக்கிறாளா, கோவிலுக்குப் போயிருக்கிறாளா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

ஆனால் துளை சரியாக நடுவில் விழவில்லை. ஒரு நூலளவு தள்ளிப் போயிற்று. அதனால் பாட்டு நேராக வராது. ஏறி இறங்கும், தோணியில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி. எங்களுக்கு அந்தப் பாட்டே அப்படித்தான் என்று பழகிவிட்டது.

பாட்டின் பெயர் ‘நோ லெட்டர் ஃப்ரம் ஹல்’. ஹல் என்பது இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊர். பாடினவர்கள் ‘தி ஆல்டர்மென்’ என்று நான்கு பையன்கள், மூன்று கிடார், ஒரு டிரம். மறுபக்கத்தில் ஒரு ஆட்டப் பாட்டு உண்டு, அதை யாரும் கேட்கவில்லை. இது மெதுவான பாட்டு. ஒரு பெண் தினமும் தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் போகிறாள். கடிதம் இருக்கிறதா என்று கேட்கிறாள். இல்லை என்று குமாஸ்தா தலையாட்டுகிறார். மூன்று சரணம். கடைசிச் சரணத்தில் அவள் ஜன்னல் வரைக்கும் போகிறாள், கேட்காமல் திரும்பிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. கவிதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டாவது சரணத்தில் இயைபு தட்டும். ஆனால் அந்தக் கீச்சு. “ஏட்டி வடிவு, பாட்டுலயே எனக்குப் பிடிச்ச இடம் அதுதான். அந்த ஆள் விரல் நமக்குப் பக்கத்துலயே இருக்கு பாரு” என்பாள் டெல்பின்.

கரண்டு இல்லாத நேரத்தில் சீப்புப் பல்லின் மேல் நகத்தை இழுத்து அந்தக் கீச்சை அவளே போடுவாள். அப்புறம் வாயால் கிடார். “டங், டடங்.” என் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, எனக்கு மட்டும். மற்ற பிள்ளைகள் கேட்டால் செய்ய மாட்டாள். “போங்கட்டி, எனக்கு வெக்கமா இருக்கு” என்பாள்.

அந்த வருடம் கடைசியில் செல்வின் வந்தான். செல்வின் கொரைரா. துறைமுகத்தில் ஏதோ கணக்கெழுத்து, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் கிடார். மூன்று சுரம் தெரியும் அவனுக்கு, மூன்றே மூன்று. மீசை நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஒரு நாள் நான் சீப்பை எடுத்து நீட்டி, “டெல்பின், கீச்சு போடேன்” என்றேன். அவள் சிரித்தாள். “செல்வின் அதை நெசமாவே வாசிக்காரு தெரியுமா? கோவில் மாடியில வாசிச்சுக் காட்டினாரு. சீப்புல எல்லாம் இனி நல்லாருக்காதுட்டி.” சீப்பை வாங்கித் தலையை வாரிக்கொண்டு போய்விட்டாள்.

அதனால் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. அந்த வயதில் யாருக்கு யார்மேல் என்ன வருத்தம். சந்தோஷம்தான் பட்டேன். சந்தோஷப்பட்டதால்தான் கார்டே எழுதினேன்.

கார்டு விஷயம் உங்கள் வயதுக்குப் புரியாது, விளக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இலங்கை வானொலியில் ஆங்கிலப் பாட்டு நேயர் விருப்பம். தூத்துக்குடிக்குச் சென்னை இரையும், கொழும்பு பக்கத்து வீடு மாதிரிக் கேட்கும். கார்டு எழுதிப் போட்டால் பெயரை வாசித்துப் பாட்டுப் போடுவார்கள். விடுதியில் எல்லோருக்கும் அது ஒரு வெறி. கார்டு எழுதுவது என் வேலை. ஏனென்றால் என் அப்பா கழுகுமலைத் தபால் ஆபீஸில் இருந்தார். வெளிநாட்டுக்குப் போகிற அஞ்சலட்டை ஒரு கட்டு என் பெட்டியில் எப்போதும் இருக்கும். வேறு யாரிடமும் கிடையாது. என்னிடம் மட்டும்தான்.

பதினைந்து கார்டு போட்டிருப்பேன். விடுதிப் பிள்ளைகள் இருபது பேரின் பெயரையும் வரிசையாக எழுதி. ஒன்றுகூட வாசிக்கவில்லை. இருபது பெண்பிள்ளைகளின் பெயரை யார் வாசிப்பார்? ஒரு ஆண் பெயர், ஒரு பெண் பெயர், நடுவில் ‘அன்புடன்’ என்று ஒரு வார்த்தை. அதுதான் வாசிக்கப்படும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. தெரிந்தும் எவளும் எழுத மாட்டாள்.

நான் எழுதினேன். ‘தூத்துக்குடி டெல்பின் மச்சாதுவுக்காக, அன்புடன் விரும்பிக் கேட்பவர் செல்வின் கொரைரா.’ பிப்ரவரியில் அவளுக்குப் பிறந்தநாள் வந்தது. பரிசு. இதில் என்ன தப்பு? ஒரு பாட்டுக் கேட்டது தப்பா? உண்மையாக இருந்த இரண்டு பெயரைச் சேர்த்து எழுதியது தப்பா? இன்றைக்குக் கேட்டாலும் எழுதுவேன்.

பரிசு என்றால் முன்கூட்டியே சொல்லவில்லையே என்று பார்க்கிறீர்கள். முன்கூட்டிச் சொன்னால் அது பரிசா?

அந்த ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் நாங்கள் இருபது பேரும் தரையில். சிஸ்டர் அகஸ்தீனா, விடுதிக் கண்காணிப்பாளர், மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேஜைவிரிப்பில் பூவேலை செய்துகொண்டிருந்தார். கொழும்புக்காரர் வாசித்தார். எவ்வளவு அழகான ஆங்கிலம் தெரியுமா, ஒவ்வொரு எழுத்தும் கழுவித் துடைத்த மாதிரி. தூத்துக்குடி என்றதும் கூடம் முழுக்க “ஆ!” என்றது. டெல்பின் மச்சாது என்றதும் பாதிப்பேர் வாயைப் பொத்தினார்கள். செல்வின் கொரைரா என்றதும் ஒரு சத்தம் இல்லை.

மச்சாது என்று ஊரில் எத்தனை குடும்பம் இருக்கும், அதில் டெல்பின் எத்தனை பேர்? ஒருத்திதான். அந்த நேரத்தில் பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, கடற்கரைத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் அதே நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும். ஊரே கேட்டிருக்கும். பாட்டு தொடங்கியது. கீச்சுகூட முடியவில்லை, அடுத்த அறையில் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது.

சிஸ்டர் அதை எடுக்கப் போகவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். “அது யார் போன்னு எனக்குத் தெரியும். டெல்பினோட அப்பா. அவர்கிட்ட நான் ஒரு பேர் சொல்லியாகணும். கார்டெல்லாம் இங்கேருந்துதான் போகுதுன்னும் தெரியும். எழுதினது யாரு? பாட்டு முடியறதுக்குள்ள எந்திரிச்சு நிக்கணும். நின்னவ இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம். யாரும் நிக்கலேன்னா இருபது பேரும் போகலாம். பரீட்சை எழுத வேண்டாம்.”

எங்களுக்கு அது கடைசி வருடம். பரீட்சைக்கு ஆறு வாரம்.

இரண்டு நிமிடம் நாற்பது நொடி அந்தப் பாட்டு. நான் கணக்குப் பார்த்திருக்கிறேன். முதல் சரணம் போயிற்று. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அது பாட்டின் தாளத்தோடு சேரவில்லை, ஒவ்வொரு மூன்றாவது அடிக்கும் இடறியது. இரண்டாவது சரணம். எனக்கு ஒரு பக்கத்துக் கால் மரத்துப்போயிருந்தது, உட்கார்ந்த வாக்கு அப்படி. மூன்றாவது சரணம். டெல்பின் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஏதோ தூரத்தில் வருகிற ஆளை அடையாளம் கண்டுகொள்கிற மாதிரிப் பார்த்தாள். வெளிநாட்டு அஞ்சலட்டை யார் பெட்டியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

எழுந்து நின்றாள். “நாந்தான் சிஸ்டர்.”

கவனியுங்கள் தம்பி, இதை நன்றாகக் கவனியுங்கள். பாட்டு அப்போது முடியவில்லை. இன்னும் கடைசி வரி இருந்தது. அதற்குப் பிறகு கிடார் மட்டும் தனியாக ஒரு நான்கு சுரம் இறங்கும். நிறைய நேரம் இருந்தது. நான் சொல்லியிருப்பேன். வாயைத் திறக்கத்தான் போனேன். அவள் அவசரப்பட்டாள். எதிலும் அவசரம் அவளுக்கு, செருப்பை வெட்டியதில்கூட அவசரப்பட்டுத்தான் துளை தள்ளிப் போயிற்று. நான் அவளைச் சொல்லச் சொன்னேனா? அவளாக எழுந்தாள். எழுந்த பிறகு நான் என்ன செய்வது? இரண்டு பேர் எழுந்து நின்று நான் நான் என்றால் சிரிப்பாக இருக்காதா?

கால்மணி நேரத்தில் பெட்டி கட்டச் சொன்னார்கள். அவள் உடுப்பை நான்தான் மடித்துக் கொடுத்தேன். “எதுக்குட்டி சொன்ன?” என்று கேட்டேன். கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். “எங்கப்பா ரெண்டு நாள் கத்துவாரு, அடங்கிருவாரு. உங்கப்பா கத்த மாட்டாரு. படுத்துருவாரு” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். “வடிவு, ரேடியோவுல பாட்டு ஆடாம நேரா வந்துச்சு பாத்தியா? நல்லாவே இல்லட்டி.”

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அவள் அப்பா இரண்டு நாளில் அடங்கவில்லை. பரீட்சைக்கும் அனுப்பவில்லை. இதற்கு நான் பொறுப்பா? பரீட்சை எழுத விடாதது அவர். வெளியே அனுப்பியது சிஸ்டர். பெயரை வாசித்தது கொழும்பு. செல்வின் என்ன செய்தான்? ஒரே வாரத்தில் கப்பல் ஏறிவிட்டான். ‘எனக்கும் அந்தக் கார்டுக்கும் சம்பந்தம் இல்லை’ என்று பங்குச் சாமியாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறினான். சம்பந்தம் இல்லைதான், அந்த ஒன்றில் அவன் சொன்னது உண்மை. ஆனால் ஒரு ஆண்பிள்ளை அப்போதாவது ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டாமா? இத்தனை பேரை விட்டுவிட்டு என் வீட்டு மாடி ஏறி வருகிறீர்கள்.

தட்டு? தட்டு என் தலையணை உறைக்குள் இருந்தது. சிஸ்டர் இல்லாதபோதுதான் கூடத்தில் போடுவோம், மற்ற நேரமெல்லாம் அவர் கண்ணில் படாமல் அங்கேதான் இருக்கும். பெட்டி கட்டும்போது அவளும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அது திருட்டா? பிறகு கடிதம் எழுதினாள், மூன்று கடிதம். முதல் கடிதத்திலேயே இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்: ‘தட்டு உன்கிட்டதானே இருக்கு, வச்சுக்கோ, என்னைக்காவது வந்து கேக்கேன்.’ வைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாள், அவள் கையெழுத்தில். இரண்டாவதில், பரீட்சையில் என்ன கேள்வி வந்தது என்று கேட்டிருந்தாள். எல்லாக் கேள்வியையும் எழுதி அனுப்பு, வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன் என்று. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. நலமா என்று இரண்டு வரி.

பதில் போட நேரம் இல்லை. எம்.ஏ. சேர்ந்துவிட்டேன். பிறகு வேலை. உங்களுக்குத் தெரியாது தம்பி, முதல் வருட ஆசிரியருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இரண்டாவது வருடமும் அப்படித்தான். அப்புறம் இத்தனை நாள் கழித்து என்னவென்று எழுதுவது?

அவள் உப்பு ஏற்றுமதி அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். கல்யாணம் ஆகவில்லை என்றும் கேள்விப்பட்டேன். எனக்கும்தான் ஆகவில்லை. அதற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போட?

இருங்கள், என்ன செய்கிறீர்கள்? செல்போனில் பாட்டா? போடுங்கள், கேட்போம்.

...

நிறுத்துங்கள். கேட்டீர்களா? இல்லை பாருங்கள். கீச்சு இல்லை. சத்தத்தையெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்து போட்டிருக்கிறார்கள், மடையர்கள். எடுத்த எடுப்பில் சுரம் வந்து விழுகிறது. ஆட்டமும் இல்லை. யாரோ பெரிய மனிதர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது. இப்போது தெரிகிறதா நான் ஏன் தர மாட்டேன் என்கிறேன் என்று? அந்தக் கீச்சு இருக்கிற தட்டு என் வீட்டில் இருக்கிறது. அவள் செருப்புத் துண்டு இன்னும் அதன் நடுவில் இருக்கிறது. இறுகிக் கல்லாகிவிட்டது, ஆனால் இருக்கிறது. பழைய பெட்டி ஒன்று வாங்கி, வருடத்துக்கு ஒரு தடவை ஊசி மாற்றி வைத்திருக்கிறேன். இது பத்திரமாக இருக்கவேண்டிய இடம் இதுதான். அவளுக்குக் கேட்க வேண்டுமானால் வரச் சொல்லுங்கள். ‘என்னைக்காவது வந்து கேக்கேன்’ என்று எழுதினவள் அவள்தானே. வரட்டும். நேருக்கு நேர் உட்காரட்டும். பாட்டைப் போடுகிறேன். அந்தக் கடைசி வரி வருவதற்குள் நானே சொல்கிறேன், கார்டு எழுதியது யார் என்று. பரிசாக எழுதவில்லை என்றும் சொல்கிறேன். போதுமா? இத்தனை வருடம் அதற்காகத்தான் ஊசி மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவள் வரவேண்டும். ஆள் அனுப்பக்கூடாது.

என்ன?

எங்கே?

கீழேயா? காரிலா? இவ்வளவு நேரமாகவா? என்ன மனிதர் நீங்கள், வந்ததும் சொல்வதற்கு என்ன? நான் பேசவிடவில்லையா? நல்ல காரணம். மாடி ஏற முட்டி முடியாதவளை வெயிலில் உட்கார வைத்துவிட்டு இங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தட்டை வாங்க வரவில்லையாமா? பின்னே எதற்கு வந்தாளாம்? என்னைப் பார்க்கவா? என்னை எதற்கு?

சரி. நான் இறங்குகிறேன். நீங்கள் அந்தப் பெட்டியைத் தூக்குங்கள், பாரம் அதிகம் இல்லை. தட்டை நான் எடுத்துக்கொள்கிறேன், அதை யார் கையிலும் கொடுக்க மாட்டேன். கீழே வாட்ச்மேன் அறையில் பிளக் இருக்கிறது. அங்கே வைத்துப் போடலாம். முதலில் கீச்சு வரும், அவள் முகத்தைப் பாருங்கள் அப்போது.

ஏன் நிற்கிறீர்கள்? தூக்குங்கள்.

அந்த நோட்டை ஏன் என்னிடம் நீட்டுகிறீர்கள்? இதில் எல்லாம் வேறு வேறு கையெழுத்தாக இருக்கிறதே. ‘காபியா டீயா.’ ‘டாக்டர் நாளைக்கு வருவார்.’ ‘சன்னலைச் சாத்தவா.’ ‘பாளையங்கோட்டை வந்தாச்சு, இந்த வீடுதான்.’

இன்னொரு தடவை சொல்லுங்கள், தம்பி. மெதுவாகச் சொல்லுங்கள்.

அப்படியா.

பெட்டியைக் கீழே வையுங்கள். தட்டு வரட்டும், அது என் கையிலேயே இருக்கட்டும். பென்சிலைக் கொடுங்கள். புதுப் பக்கமாகப் பார்த்துக் கொடுங்கள், ஒரு கார்டு அளவு இடம் போதும். டெல்பினுக்கு ஆறு வருடமாக இரண்டு காதும் கேட்பதில்லை. கண் மட்டும் நன்றாகத் தெரிகிறதாம். கண்ணாடி இல்லாமலே படிக்கிறாளாம்.